நன்றி சாரின் தானியங்கி முறை

திங்கட்கிழமை காலை ஒன்பது ஐந்துக்கு நன்றி சார் கணினியின் முன் உட்கார்ந்து ஃபோல்டரைத் திறந்தார். உள்ளே ஒன்றுமில்லை.

மூடிவிட்டுத் திறந்தார். ஒன்றுமில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார். ஒன்றுமில்லாதது இன்னும் தெளிவாகத் தெரிந்தது.

"என்னப்பா ஆச்சு உனக்கு?" என்று கணினியிடம் கேட்டார்.

சனிக்கிழமை மாலை வரை அந்த ஃபோல்டரில் நாற்பது அத்தியாயங்கள் இருந்தன. பிசியோதெரபி படிக்கும் பார்வையற்ற மாணவர்களுக்கான பாடநூல் அது. அவர் வேலை பார்த்தது அப்படிப்பட்ட மாணவர்களுக்காகப் புத்தகங்களை வாசித்து ஒலிப்பதிவு செய்யும் ஒரு சின்ன நிலையத்தில். மாடியில் மூன்றே அறைகள். ஒன்றில் வாசிப்பவர் உட்கார்ந்து வாசிப்பார். நடு அறையில் கணினியும் நன்றி சாரும். மரத் தடுப்புக்கு அந்தப் பக்கம், பதிவானதை எல்லாம் ஒரு வரி விடாமல் கேட்டுப் பிழை சொல்லும் காதுக்காரர். அவருக்கும் பார்வை கிடையாது. ஆனால் வாசிப்பவர் பக்கத்தைப் புரட்டும்போது விரலை நாக்கில் தொட்டாரா இல்லையா என்பதைக்கூடச் சொல்லிவிடுவார்.

பதிவுகள் எதுவும் இந்தக் கணினியில் தங்குவதில்லை. வேறு ஊரில் தலைமை அலுவலகத்தில் இருக்கும் பெரிய டிரைவில்தான் போய் உட்காரும். அந்த டிரைவை இந்தக் கணினி தன்னுடைய ஃபோல்டர்போலச் சேர்த்துக்கொள்ள வேண்டும். லினக்ஸில் ஓடும் இந்த மாதிரிக் கணினிகளைக் கையாள்பவர்கள் இதை மவுண்ட் என்பார்கள். நிலையத்தில் 'மாட்டுவது' என்று சொல்வார்கள். ஐந்து வருடத்துக்கு முன் நன்றி சார் பதினெட்டுப் பக்கக் குறிப்பு ஒன்றைப் படித்து, கணினி எழுந்ததும் டிரைவ் தானாகவே மாட்டிக்கொள்ளும்படி ஏற்பாடு செய்தார். அன்றிலிருந்து ஒரு நாள் தவறாமல், அவர் வந்து உட்காரும்போது டிரைவ் மாட்டியிருக்கும். 'தானியங்கி முறையைச் செம்மையாக நிறுவியமைக்காக' என்று தலைமை அலுவலகம் ஒரு பாராட்டுச் சான்றிதழ்கூட அனுப்பியது. அது சட்டம் போட்டு, கணினிக்கு நேர் மேலே தொங்கியது.

நன்றி சார் என்ற பெயர் வந்த கதை ரொம்பச் சின்னது. நம்மில் பலர் மேடையில் கடைசியாகப் பேசும்போது மட்டும் எடுத்துத் துடைத்துப் பயன்படுத்துகிற அந்தச் சொல்லை அவர் நாள் முழுக்கப் புழங்கினார். லிஃப்ட் கதவு திறந்தால் நன்றி. பேனா முதல் கோட்டிலேயே எழுதினால் நன்றி. தினமும் காலையில் ஃபோல்டரைத் திறந்து, எல்லாம் இருப்பதைப் பார்த்து, மானிட்டரைத் தட்டிக் கொடுத்து, "ரொம்ப நன்றிப்பா" என்பார். அதே நேரத்தில் தடுப்புக்கு அந்தப் பக்கம் காதுக்காரர் "இருக்கட்டும் சார்" என்று யாரிடமோ ஃபோனில் சொல்லிக்கொண்டிருப்பார். காலையிலேயே ஃபோன் பேசுகிற மனுஷன், ஆனாலும் எவ்வளவு மரியாதை என்று நன்றி சார் நினைத்துக்கொள்வார்.

அன்றைக்கு அந்தக் குரல் இல்லை. காதுக்காரர் வீடு மாறுகிறார், மூன்று நாள் லீவு. எட்டு மணிக்கே வந்து விளக்கு, விசிறி, கணினி எல்லாவற்றையும் போட்டுவைப்பவர் அவர்தான் என்பதால், இன்று எல்லா ஸ்விட்சையும் நன்றி சாரே போட வேண்டியதாயிற்று. சனிக்கிழமை கிளம்பும்போது காதுக்காரர், "சார், மூணு நாளைக்குக் காலைல மட்டும் நீங்க பாத்துக்கணும்" என்றார்.

"அட, இதைச் சொல்லணுமா? நிம்மதியா போயிட்டு வாங்க."

எதைப் பார்த்துக்கொள்வது என்று கேட்கவில்லை. காதுக்காரரின் மேசையில் ஒரு ஹெட்ஃபோன், ஒரு தொலைபேசி, ஒரு பூந்தொட்டி இருந்தன. இதில் பார்த்துக்கொள்ள வேண்டியது எது என்று சொல்லித் தெரிய வேண்டுமா? வந்ததும் முதல் வேலையாக அரைச் சொம்பு தண்ணீர் ஊற்றிவிட்டுத்தான் கணினிக்கு வந்திருந்தார்.

கணினியை அணைத்துப் போட்டார். காலி. இன்னொரு தரம். காலி. மூன்றாவது தரம் போடும்போது தலைமையாசிரியை அம்மா உள்ளே வந்தார்.

ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. நாற்பது அத்தியாயங்களையும் சம்பளம் வாங்காமல் வாசித்தவர் அவர்தான். பாக்கி இருந்தது ஒரே அத்தியாயம், நாற்பத்தொன்று, கழுத்துத் தசைகள். புதன்கிழமை அவருக்குத் தொண்டையில் அறுவை சிகிச்சை. அதற்குப் பிறகு இரண்டு மாதம் ஒரு வார்த்தை பேசக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவருடைய பழைய மாணவர்கள் யாரும் இதை நம்பவில்லை. வியாழக்கிழமை பத்து மணிக்குத் தலைமை அலுவலகத்தில் நகல் எடுக்க ஆரம்பித்துவிடுவார்கள். அறுபத்திரண்டு மாணவர்கள் காத்திருந்தார்கள். தேர்வுக்குப் பன்னிரண்டு நாள். கழுத்திலிருந்துதான் எப்போதும் பெரிய கேள்வி வரும்.

"என்ன, முகம் இப்படி இருக்கு?"

"ஃபோல்டர் காலியா இருக்கும்மா."

"காலியா இருந்தா நல்லதுதானே, நிறைய இடம் இருக்கும். வாங்க ஆரம்பிக்கலாம். எனக்குக் குரல் இருக்கறது இன்னைக்கு ஒரு நாள்தான்."

நன்றி சார் யோசித்தார். ஃபோல்டர் இருக்கிறது. பெயர் சரியாக இருக்கிறது. உள்ளே இருந்தவை எங்கேயோ வெளியே போயிருக்கின்றன, வந்துவிடும். புதியதை அதிலேயே போட்டுவைப்போம்.

அம்மா ஒரு கையால் தன் கழுத்தைத் தடவிக்கொண்டே முக்கால் மணி நேரம் வாசித்தார். ஒரு தடுமாற்றம் இல்லை. கடைசியில், "கழுத்து முற்றும்" என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் குடித்தார். நன்றி சார் மைக்குக்கு நன்றி சொன்னார், சிவப்பு விளக்குக்கு நன்றி சொன்னார். அம்மா படியிறங்கிப் போனதைக் கவனிக்கவில்லை. ஃபோல்டரில் நாற்பத்தொன்று மட்டும் தனியாக உட்கார்ந்திருந்தது.

மதியம் மைத்துனனுக்கு ஃபோன் போட்டார். மைத்துனன் கடைகளுக்குக் கேமரா மாட்டுகிறவன். மாட்டுவது என்று வந்துவிட்டால் எல்லாம் ஒன்றுதான் என்ற நம்பிக்கை அவனுக்கு.

"மாமா, அது ஸ்டார்ட் ஆகும்போது ஒரு லிஸ்ட்டைப் படிக்கும். அதுல நான் சொல்ற லைனைப் போடுங்க. ஒரு எழுத்துகூட மாறக்கூடாது."

"மாறவே மாறாது."

எழுத்து மாறவில்லை. ஆனால் இருபது வருடமாகப் புத்தகங்களோடு வாழ்ந்த மனிதர். காற்புள்ளி வந்தால் அதற்குப் பின்னால் ஓர் இடம் விடுவது அவர் விரல்களின் ஒழுக்கம். அந்த வரியில் நான்கு காற்புள்ளி. நான்குக்கும் பின்னால் அழகாக இடம் விட்டார். இடம் விட்டால் அந்த லிஸ்ட்டில் வரி அங்கேயே துண்டாகிவிடும் என்பது விரல்களுக்குத் தெரியாது.

கணினியைப் போட்டார். ஒரு சிவப்பு நட்சத்திரம் இங்கேயும் அங்கேயும் நடந்தது. ஒன்றரை நிமிடம் பொறுங்கள் என்றது. பொறுத்தார். திரை கறுத்து, 'அவசர நிலையில் இருக்கிறீர்கள்' என்று அறிவித்தது.

"அது எனக்கே தெரியும்பா" என்றார் நன்றி சார்.

காலையில் ஃபோல்டர்தான் காலியாக இருந்தது. இப்போது கணினியே இல்லை.

செவ்வாய்க்கிழமை அவர் பூந்தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது மைத்துனன் ஏணியோடு வந்தான்.

"ஏணி எதுக்குடா?"

"வேலைக்குப் போனா எடுத்துட்டுப் போறதுதான் மாமா."

ஏணியைச் சுவரில் சாய்த்துவிட்டு, அந்த வரியை அழித்துப் பழையபடி ஆக்கினான். கணினி எழுந்தது. ஃபோல்டரில் நாற்பத்தொன்று மட்டும் நேற்றுப்போலவே இருந்தது.

"ஸ்டார்ட் ஆகும்போது மாட்ட மாட்டேங்குதா? விடுங்க மாமா. நிமிஷத்துக்கு ஒரு தடவை 'மாட்டு, மாட்டு'ன்னு சொல்லிக்கிட்டே இருக்கற மாதிரி ஒண்ணு போடறேன். ஏதாவது ஒரு நிமிஷத்துல மாட்டித்தானே ஆகணும்? எங்க அக்கா உங்ககிட்ட அப்படித்தானே வேலை வாங்கறாங்க?"

போட்டான். ஒரு நிமிடம் ஆனது. ஃபோல்டரில் சரசரவென்று நாற்பது அத்தியாயங்களும் வந்து நின்றன. நன்றி சாருக்குக் கண் கலங்கிவிட்டது. கணினிக்கு நன்றி சொன்னார். ஏணிக்கும் சொன்னார். மைத்துனன் ஏணியைத் தூக்கிக்கொண்டு போன பிறகுதான் எண்ணினார்.

நாற்பதுதான். நாற்பத்தொன்றைக் காணோம்.

கீழே தேடினார், மேலே தேடினார், குப்பைத்தொட்டி என்று கணினியில் இருப்பதில் தேடினார், குப்பைத்தொட்டி என்று மேசைக்கடியில் இருப்பதிலும் குனிந்து பார்த்துவிட்டார். கழுத்து போய்விட்டது.

மாலையில் மருத்துவமனைக்குப் போனார். இன்னும் ஒரு ராத்திரி குரல் இருக்குமே, சின்ன ரெக்கார்டர் ஒன்று பையில் இருக்கிறதே என்ற எண்ணம். அறைக்குள் நுழைந்தால் அம்மா கையில் சிலேட்டும் பலப்பமுமாக உட்கார்ந்திருந்தார். ஆபரேஷனுக்கு முந்தின நாளிலிருந்தே தொண்டைக்கு ஓய்வு கொடுக்கச் சொல்லிவிட்டார்களாம்.

அம்மா எழுதிக் காட்டினார். '41 எப்படி வந்திருக்கு?'

நன்றி சார் பையிலிருந்த ரெக்கார்டரை இன்னும் உள்ளே தள்ளினார். "பிரமாதம்மா."

அம்மா அழித்துவிட்டு எழுதினார். 'இனி என் குரல் பழையபடி வருமான்னு டாக்டருக்கே தெரியல. அதனால 41 நல்லா வந்ததுல ரொம்ப சந்தோஷம்.'

நன்றி சார் என்ன செய்வதென்று தெரியாமல், வெளியே வரும்போது மருத்துவமனைக் கதவுக்கு நன்றி சொன்னார்.

வீட்டில் நடந்ததை எல்லாம் சொன்னார். மனைவி சட்டை மடித்துக்கொண்டே கேட்டார்.

"தலைமை ஆபீஸ்ல கேட்டீங்களா?"

"எப்படிக் கேக்கறது? தானியங்கி முறைக்குச் சான்றிதழ் கொடுத்ததே அவங்கதான்."

"சான்றிதழா கழுத்தா, எது முக்கியம்?"

புதன்கிழமை காலை காதுக்காரரின் மேசையில் இருந்த தொலைபேசியை எடுத்தார். கொளகொளவென்று ஒரு சத்தம், பிறகு அதுவும் இல்லை. மேசை முழுக்கத் தண்ணீர். பூந்தொட்டியிலிருந்து வழிந்து தொலைபேசிக்குள் இறங்கியிருந்தது. மூன்று நாளாக ஊற்றிய தண்ணீரை இந்தச் செடி ஏன் குடிக்கவில்லை? இலையைத் தொட்டுப் பார்த்தார். பிளாஸ்டிக்.

அப்படியானால் எதைத்தான் பார்த்துக்கொள்ளச் சொன்னார்? உட்கார்ந்து யோசிக்க நேரமில்லை. மேசையைத் துடைத்துவிட்டுத் தன் கைபேசியில் தலைமை அலுவலகத்தைப் பிடித்தார். தொழில்நுட்பப் பிரிவில் ஓர் அம்மா. கத்தப்போகிறார் என்று கைபேசியைக் காதிலிருந்து ஒரு சாண் தள்ளியே வைத்துக்கொண்டார். அந்த அம்மா கத்தவில்லை.

"பதறாதீங்க சார். டிரைவ் மாட்டாம இருக்கறப்ப அந்தப் பேர்ல இருக்கறது வெறும் ஃபோல்டர். அதுல நீங்க போட்டது உங்க கம்ப்யூட்டர்லயே தங்கிடும். அப்புறம் டிரைவ் வந்து மாட்டுச்சுன்னா அதுக்கு மேல உக்காந்துக்கும். மேசைல காகிதத்தை வச்சு, அது மேல விரிப்பு போட்ட மாதிரி. காகிதம் எங்கயும் போகல. விரிப்பை எடுங்க."

"அப்ப கழுத்து உயிரோட இருக்கா மேடம்?"

"யாரோட கழுத்து?"

விளக்கம் சொல்ல நேரமில்லை. விரிப்பை எடுக்கும் கட்டளையை அந்த அம்மா சொல்லச் சொல்ல அடித்தார். ஃபோல்டரைப் பார்த்தார்.

"இன்னும் நாப்பதுதான் மேடம் இருக்கு."

"இன்னொரு தடவை எடுங்க."

எடுத்தார். நாற்பது. இன்னொரு தரம். நாற்பது.

"சார், இதை எத்தனை தடவை மாட்டினீங்க?"

"ஒரு தடவை. ஆனா நிமிஷத்துக்கு."

நேற்றுக் காலையிலிருந்து கணினியை அணைக்கவும் இல்லை. மைத்துனனின் கட்டளை ஆயிரத்துச் சொச்சம் விரிப்புகளை ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து வைத்திருந்தது. இவர் ஒன்றை எடுக்க, நிமிடம் ஆனதும் அது மேலே இன்னொன்றை விரித்துக்கொண்டிருந்தது.

"முதல்ல அந்த நிமிஷக் கட்டளையை எடுங்க. அப்புறம் கம்ப்யூட்டரை ஒரு தடவை அணைச்சுப் போடுங்க. எல்லா விரிப்பும் மொத்தமா போயிடும்."

அணைத்துப் போட்டார். ஃபோல்டரைத் திறந்தார். நாற்பத்தொன்று மட்டும் தனியாக, திங்கட்கிழமை வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தது. தட்டினார். 'கழுத்தில் உள்ள தசைகள்' என்று தலைமையாசிரியை அம்மாவின் குரல் அறையை நிறைத்தது. நன்றி சார் நாற்காலியில் சாய்ந்து அழுதே விட்டார்.

"சார்? இருக்கீங்களா?"

"இருக்கேன் மேடம். உங்களுக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல." வாழ்க்கையில் முதல் முறையாக அவருக்கு அது உண்மையிலேயே தெரியவில்லை.

நாற்பத்தொன்றைப் பத்திரமான வேறோர் இடத்தில் நகல் எடுத்துவைக்கச் சொல்லிவிட்டு, அந்த அம்மா ஐந்து வருடத்துக்கு முந்தைய பழைய வரியைப் படிக்கச் சொன்னார். படித்தார்.

"ஒண்ணு கேக்கலாமா சார்? இந்த லைன்ல நெட்வொர்க் வர்ற வரைக்கும் காத்திருன்னு எங்கயும் சொல்லலையே. உங்க கம்ப்யூட்டர் எழுந்த உடனே ஓடிப்போய் எங்க கதவைத் தட்டும். அந்த நேரத்துல ரோடே போட்டிருக்காது. ஒரே ஒரு தடவை தட்டிட்டுப் போய்ப் படுத்துக்கும். இது ஒரு நாள்கூட தானா மாட்டியிருக்க வாய்ப்பே இல்லை."

"அஞ்சு வருஷமா ஒரு நாள் தவறல மேடம். சான்றிதழே இருக்கு."

"யார் கொடுத்தாங்க?"

"நீங்கதான்."

"அப்ப அதைப் பத்திப் பேச வேணாம்" என்றார் அந்த அம்மா. காத்திருக்கவும், யாராவது ஃபோல்டரைத் திறக்கப் போனால் அந்த நொடியில் மாட்டிக்கொள்ளவும் இரண்டு சின்ன வார்த்தைகளை வரியில் சேர்க்கச் சொன்னார். "காற்புள்ளிக்கு அப்புறம் இடம் விட்டுடாதீங்க." நன்றி சார் இடது கையால், இடம் விடும் வலது கைக் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டு அடித்தார். அணைத்துப் போட்டதும் ஃபோல்டரில் நாற்பது வந்தது. நாற்பத்தொன்றை அதனோடு கொண்டுபோய்ச் சேர்த்தார்.

அன்று மாலை தலைமையாசிரியை அம்மாவின் கணவரிடமிருந்து செய்தி வந்தது. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததாம், கண் திறந்ததும் அம்மா சிலேட்டைக் கேட்டாராம். நன்றி சார் ஒரு பக்கத்துக்குப் பதில் எழுதினார். நாற்பத்தோரு அத்தியாயங்களுக்கும் தனித்தனியாக நன்றி. மைத்துனனையும் கூப்பிட்டு, பிழையான யோசனைக்கும் சேர்த்து நன்றி சொன்னார். ராத்திரி படுக்கும் முன் தோன்றியது: இத்தனை வருடம் லிஃப்டுக்கும் மைக்குக்கும் சொல்லி வீணாக்கிய நன்றியில் பாதியையாவது மனுஷங்களுக்குச் சொல்லியிருக்கலாம்.

வியாழக்கிழமை காலை பையில் சாப்பாட்டு டப்பா வழக்கம்போல் இருந்தது. வழக்கமாக அவர் பையின் ஜிப்புக்கு நன்றி சொல்வார். இன்று சமையலறைக்குப் போய் மனைவியிடம் சொன்னார்.

மனைவி அவர் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். "காய்ச்சல் இல்லையே" என்றார். ஆனால் வாசல்வரை வந்து வழியனுப்பினார், அது நடந்து பல வருடம் ஆகியிருந்தது.

நிலையத்தில் விளக்கு, விசிறி, கணினி எல்லாம் போட்டிருந்தன. காதுக்காரர் வந்துவிட்டார் என்று தெரிந்தது. தடுப்புக்கு அந்தப் பக்கம் ஹெட்ஃபோனில் கசிந்த குரல் கழுத்துத் தசைகளைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தது. நன்றி சார் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஃபோல்டரைத் திறந்தார். ஒன்றிலிருந்து நாற்பத்தொன்றுவரை வரிசையாக நின்றன. மணி ஒன்பது ஐந்து. பத்து மணிக்கு அங்கே நகல் எடுக்க ஆரம்பிப்பார்கள். அறுபத்திரண்டு பேருக்கும் கழுத்து போய்ச் சேர்ந்துவிடும்.

மனுஷங்களுக்கு எல்லாம் சொல்லியாயிற்று. இதற்கும் ஒன்று சொல்லாமல் இருக்க மனம் வரவில்லை. மானிட்டரை மெல்லத் தட்டிக் கொடுத்தார்.

"ரொம்ப நன்றிப்பா."

தடுப்புக்கு அந்தப் பக்கம் ஹெட்ஃபோனைக் கழற்றி வைக்கும் சத்தம் கேட்டது. காதுக்காரர் பேசினார். காலையிலேயே ஃபோனா என்று நினைத்த நன்றி சாருக்கு, அந்த ஃபோன் நேற்றே தண்ணீர் குடித்துச் செத்துப்போனது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"இன்னைக்கு எனக்கு எதுக்கு சார் நன்றி? இன்னைக்குத்தான் அது தானாவே மாட்டிக்கிச்சே!"